பெயர் மாறிய பாடகன்



விடியற்காலையில் காட்டோரமாக நடப்பவர்கள், புதருக்குள்ளிருந்து புல்லாங்குழல் போன்ற ஒரு குரலைக் கேட்டிருக்கலாம். அப்படிப் பாடும் பறவையை மலாய்க்காரர் முராய் பத்து என்பர். பத்துமலையில் வரும் அதே 'பத்து'தான். கல் என்று பொருள். தமிழில் அதன் பெயர் சோலைபாடி. ஆண் பறவைக்குத் தலையும் முதுகும் பளபளக்கும் கறுப்பு, வயிறு செம்பழுப்பு, வாலடி வெள்ளை, வாலோ நீளம். எடை ஏறத்தாழ 30 கிராம்தான். இச்சிறு பறவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? இக்கேள்விக்கு விடை காண அறிஞர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

1782ஆம் ஆண்டில் பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சுப் பயணி, தமது பயண நூலில் மலபார்க் கரையின் பறவையாக இதை வருணித்தார். சில ஆண்டுகளில் ஸ்கோப்போலி என்ற இயற்கை அறிஞர், அவ்வருணனையைக் கொண்டு 'மஸ்கிக்காப்பா மலபாரிக்கா' என இலத்தீனில் பெயர் சூட்டினார். மஸ்கிக்காப்பா என்றால் ஈப்பிடிப்பான். நம் காட்டில் பாடும் பறவையும் இன்றுவரை மலபாரின் பெயரைச் சுமப்பது இதனால்தான்.

பின்வந்தோர் இதை ஈப்பிடிப்பான்களிடமிருந்து பிரித்து, பூங்குருவிக் குடும்பத்தில் சேர்த்தனர். தரையில் தத்தித் தத்திப் பூச்சி தேடுகிறது, குரல் இனிமையானது, குஞ்சின் உடலில் புள்ளிகள் உள்ளன. இவை பூங்குருவிக்கு உரியவை அல்லவா என்று எண்ணினர். நம் வீட்டோரம் வாலை நிமிர்த்தி நிற்கும் வண்ணாத்திக் குருவி, அதாவது முராய் கம்போங், இதன் நெருங்கிய உறவு. அதையும் லின்னேயஸ் 1758இல் மலை மைனாவோடு ஒரே இனத்தொகுதியில் வைத்திருந்தார். தோற்றத்தை மட்டும் கொண்டு உறவு சொல்வது அத்தனை கடினம்.

1980களிலிருந்து மரபணு ஆய்வு வளர்ந்தது. 2010இல் வெளிவந்த ஆய்வுகள், சோலைபாடியும் வண்ணாத்திக் குருவியும் ஈப்பிடிப்பான் குடும்பத்தவையே என்று உறுதிப்படுத்தின. குஞ்சின் புள்ளிகள் இரு குடும்பத்துக்கும் பொதுவானவை; அவற்றை வைத்து உறவைத் தீர்மானிக்க இயலாது. முதலில் இட்ட பெயர் காட்டிய குடும்பத்துக்கே பறவை திரும்பி வந்தது.

வானொலி கேட்கும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்னும் சிறுவன், எடிசனின் மெழுகு உருளையில் ஒரு கூண்டுப் பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். உலகில் முதன்முதலில் பதிவான பறவைப் பாட்டு அதுவே என்பர். பாடியது சோலைபாடி!

ஆனால் அந்தக் குரலே அதற்குப் பகையாயிற்று. கூண்டில் வளர்க்கவும் பாட்டுப் போட்டிக்கு விடவும் காட்டில் கண்ணி வைத்துப் பிடித்ததால், பல இடங்களில் இது அரிதாகிவிட்டது. 2022இல் பனாமாவில் கூடிய அனைத்துலக வனவிலங்கு வணிக மாநாடு, இதை வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதை முன்மொழிந்த நாடுகளுள் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. மலேசியாவில் உரிமம் இல்லாமல் இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

குடும்பப் பெயரைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினால், அடையாளக் கார்டு எடுக்கும்போது படும் பாட்டை நாம் அறிவோம். பறவைக்கும் அப்படித்தான். சட்டம் பெயரைச் சொல்லித்தான் காக்கிறது. சபாவில் வெள்ளை உச்சந்தலையுள்ள சோலைபாடி வாழ்கிறது. அது தனி இனமா, இதன் கிளையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்துள்ளது. எந்தப் பெயரில் எந்தப் பறவை அடங்கும் என்று தெளிந்தால்தான் காவலும் முழுமை பெறும்.

பெயரைத் திருத்துவது அறிஞர் வேலை. கூண்டு வாங்காமல் இருப்பது நம் வேலை. அடுத்த முறை அக்குரல் கேட்டால், பிள்ளைகளை அழைத்துச் சற்று நின்று கேட்போம். காட்டில் இருக்கும்வரைதான் அது சோலைபாடி.