வெப்லி சுழல்துப்பாக்கி

வெப்லி சுழல்துப்பாக்கி என்பது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருவாகி, 1887 முதல் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் பிரித்தானியப் படைகளில் வழங்கிய கைத்துப்பாக்கி வகையாகும். வழக்கில் ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியில் குழல் ஒன்றே. அதன் பின்னால் தோட்டாக்களைத் தாங்கும் அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழன்று, ஒவ்வோர் அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும்.

இவ்வமைப்பை 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுப் பரவச் செய்தவர் சாமுவேல் கோல்ட். அவருடைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே விசையை அழுத்த முடியும். இது ஒற்றைச் செயல்முறை எனப்படும். லண்டனைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் விசையை இழுப்பதாலேயே சுத்தி எழுந்து விழும் துப்பாக்கியைச் செய்தார். இரண்டு முறைகளையும் ஒரே கருவியில் இணைத்த இரட்டைச் செயல்முறை அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. பர்மிங்காமில் வெப்லி குடும்பத்தார் நடத்திய தொழிலகம் இம்முறையை ஏற்று, 1868இல் அயர்லாந்துக் காவல் படைக்கு உறுதியான சிறு துப்பாக்கியொன்றை வழங்கிப் பெயர் பெற்றது. பின்னர்ப் பிரித்தானியப் படை ஏற்றிருந்த என்ஃபீல்டு துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாக் கூடுகள் சரிவர வெளியேறாமல் தொல்லை தந்ததால், 1887இல் வெப்லியின் முதல் மாதிரி படைக்குரியதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

வெப்லியின் சிறப்பு அது திறக்கும் முறையில் உள்ளது. சுத்திக்கு முன்னே, சேணத்தின் அங்கவடியைப் போல வளைந்த தாழ் ஒன்று குழலின் மேற்பட்டையை உடற்சட்டத்தோடு பிணைத்து நிற்கிறது. இடப்பக்கத்திலுள்ள நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளியதும் தாழ் விலகி, குழலும் உருளையும் முன்புறக் கீலில் கீழ்நோக்கி மடங்க, உருளையின் நடுவிலிருந்து விண்மீன் வடிவ வெளித்தள்ளி எழுந்து ஆறு கூடுகளையும் ஒருசேர வெளியே தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும். மூடிய நிலையில் விசையை இழுக்கும்போது, அதனோடு இணைந்த சிறு நாக்கு உருளையின் பின்புறப் பற்களை உந்தி அடுத்த அறையைக் குழலுக்கு நேராக்க, தடை ஒன்று உருளையைப் பிடித்து நிறுத்த, கைப்பிடிக்குள் கவைபோல் மடிந்துள்ள தட்டை வில் சுத்தியை முன்னுக்குச் செலுத்துகிறது. இவை ஒன்றோடொன்று பிசகாமல் ஒத்துப்போவதையே துப்பாக்கித் தொழிலர் நேரப்பொருத்தம் என்பர்.

முதல் மாதிரி கரிமருந்துக் காலத்துக் கருவி. புகை குறைந்த கார்டைட் மருந்து வழக்கத்துக்கு வந்தபின், அதற்கு ஈடுகொடுக்க 1913இன் ஐந்தாம் மாதிரியில் உருளை சற்றுப் பெரிதாக்கப்பட்டது. 1915இல் ஏற்கப்பட்ட ஆறாம் மாதிரி, 6 அங்குலக் குழலும் ஏறத்தாழ 1.1 கிலோகிராம் எடையும் கொண்டது; முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றிலும் இயங்கியதால் பெரும் மதிப்புப் பெற்றது. போருக்குப் பின் எடை குறைந்த 0.38 அங்குலத் தோட்டாவுக்குப் படை மாறி, 1932இல் வெப்லியின் அமைப்பையே பெரிதும் ஒத்த என்ஃபீல்டு துப்பாக்கியை ஏற்றது.

பழைய வெப்லியைக் கையிலெடுப்பவர் முதலில் அதைத் திறந்து, ஆறு அறைகளும் குழலும் வெறுமையாயிருப்பதைக் கண்ணால் உறுதிசெய்ய வேண்டும். இதற்கு விலக்கே இல்லை. அடுத்து நோக்கவேண்டியவை கீலும் தாழும். மடங்கும் துப்பாக்கிகளில் முதலில் தேய்வன இவையே என்பதால், மூடிய நிலையில் குழல் ஆடினால் தேய்மானம் கடுமை என்று கொள்ளலாம். சுத்தியை மெல்லப் பின்னிழுக்கும்போது உருளை உரிய இடத்தில் நிலைத்து நிற்காவிட்டால், அறை குழலுக்கு நேராக அமையவில்லை என்று பொருள். அத்தகைய துப்பாக்கி சுடுவதற்கு ஏற்றதன்று.

துருவுக்குப் பெருங்காரணம் பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தாகும். அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட்டு எரிந்தபின் விட்டுச்செல்லும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகை அரிக்கும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காததால், வெந்நீரால் குழலையும் அறைகளையும் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பிறகே மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். மிகுதியாகப் பூசிய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகி உள்ளுறுப்புகளை முடக்கும். தோலுறையில் நெடுநாள் வைப்பதும் தவறு; பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் உறைக்குள்ளேயே துரு ஏறும். பொருந்தாத திருப்புளியால் சிதைந்த திருகாணித் தலைகளும், பளபளப்புக்காகத் தேய்த்தழித்த முத்திரைகளும் காலம் செய்த கேட்டைவிட வருந்தத்தக்கவை, ஏனெனில் அவை தவிர்த்திருக்கக் கூடியவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற பல வெப்லிகளில், அங்கு எளிதில் கிடைத்த 0.45 அங்குலத் தானியங்கித் தோட்டாக்களை இடுவதற்காக உருளையின் பின்முகம் சீவப்பட்டது. அத்தோட்டாவின் அழுத்தம் இத்துப்பாக்கி தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட அளவை மிகவும் விஞ்சுவது. ஆகவே அவ்வாறு சீவப்பட்டவற்றை அத்தோட்டாவால் சுடுதல் கூடாது.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய துப்பாக்கியை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தன. கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றோருக்காகச் செய்யப்பட்ட, ஆறு தோட்டா கொள்ளும் 0.32 அங்குல ரிவால்வர் வெப்லியின் மடங்கும் அமைப்பைத் தழுவியதாகும்.