கடுக்காயும் வயிற்றுக்கடுப்பும்

நீலகிரியில், முதுமலையின் தெப்பக்காட்டு யானை முகாமில் தீனி கொடுக்கும் நேரம். கேழ்வரகுக் களியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த பெரிய உருண்டைகளைப் பாகன்கள் யானைகளின் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் தன் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "யானைக்கு வயிறு கடுக்காம இருக்க இதுல கடுக்காய் போடுவாங்க. கடுப்பை எடுக்கிற காய், அதான் கடுக்காய்னு பேரு." பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்குத்தான் கடுப்பு ஏறியது.

மருந்துக் கணக்கே முதலில் பிழை. கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் 2003இல் இதே தெப்பக்காட்டில்தான் தொடங்கியது. அத்தகைய முகாம்களில் செரிமானத்துக்காக யானைகளுக்குத் தந்தது அட்டசூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. கடுக்காய் அதில் இல்லை. ஆனால் மருந்துப் பிழையை வைத்தியர் திருத்திக்கொள்வார். சொல்பிழை அப்படியல்ல, பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போவார்கள், பிறகு யாராவது அதைப் புத்தகத்தில் அச்சடிப்பார்கள். அச்சடித்தும் விட்டார்கள். 'கடுப்பை நீக்குவதால் கடுக்காய்' என்பதை மூலிகை நூல்களில் நானே படித்திருக்கிறேன்.

இது ஏன் நிற்காது? தமிழில் நோயை வைத்து மூலிகைக்குப் பெயர் இடும்போது, அந்த நோயை என்ன செய்யும் என்ற வினையும் கூடவே வரும். வாதமடக்கி, பேய்விரட்டி, எலும்பொட்டி. வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்று பெயர். கடுப்பைப் போக்கும் காய் என்று சொல்ல நினைத்தவன் கடுப்பறுக்கி என்றோ கடுப்படக்கி என்றோ சொல்லியிருப்பான். வினையை விட்டுவிட்டு நோயை மட்டும் சேர்த்திருந்தாலும் அது கடுப்புக்காய் ஆகியிருக்கும். அந்த '-ப்பு' எந்தக் காட்டில் தொலைந்தது? இதற்கு விடை சொன்னவர் எவரும் இல்லை.

நோயின் பெயரைச் சரக்கின் தலையில் ஒட்டுவது கடைக்காரன் வழக்கம். 1851இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்து வணிகர் சோடா உப்பையும் சதகுப்பை எண்ணெயையும் சர்க்கரையையும் கொஞ்சம் சாராயத்தையும் சேர்த்து ஒரு நீர் விற்றார். குடலைப் பிடித்து முறுக்கும் வலிக்கு ஆங்கிலத்தில் கிரைப். ஆகவே அது கிரைப் வாட்டர்: கடுப்புத் தண்ணீர். நம் வீடுகளில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை அதைப் பிள்ளைக்குப் புகட்டியது. சென்னையில் ஜம்மியின் லிவர் க்யூர் குழந்தைகளின் ஈரல் கட்டிக்கு விற்றது; அதன் பெயரிலும் உறுப்பும் வாக்குறுதியும்தான். வெள்ளைக்காரத் துரைமார் இந்தியாவில் மருந்துப்பெட்டியில் வைத்திருந்த காலிஸ் பிரௌனின் குளோரோடைன் இன்னும் வேடிக்கை. அபின், குளோரோபார்ம், கஞ்சா மூன்றையும் கலந்து, வாந்திபேதிக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் இருமலுக்கும் ஒரே குப்பி. அபின் குடலைக் கட்டிப்போடும், வலியும் தெரியாது. நோய் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி. இவற்றைப் பேட்டண்ட் மருந்து என்றார்கள். இவ்வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டண்டே கிடையாது. பேட்டண்ட் வாங்கினால் சேர்மானத்தை வெளியே சொல்ல வேண்டுமே!

கடைச்சரக்குக்கு லேபிள் வேண்டும், லேபிளில் நோய் வேண்டும். காட்டு மரத்துக்கு லேபிள் எதற்கு? முதுமலையின் இலையுதிர்காட்டில் நெல்லி, தான்றி, கடு ஆகிய மூன்றுமே வளர்கின்றன. திரிபலை என்று பின்னால் வைத்தியன் சேர்த்துக் கட்டிய மூன்றும் ஒரே காட்டுப் பிள்ளைகள். அங்கே வாழ்ந்தவன் காயைக் கடித்துப் பார்த்து மரத்துக்குப் பெயர் வைத்தான். எந்த நோய்க்கு ஆகும் என்பது பிறகு தெரிந்த செய்தி.

அடுத்து வடமொழிக் கட்சி. கடு என்பது சமஸ்கிருதம், திரிகடுகத்தில் வரும் அதே கடு என்கிறார்கள். திரிகடுகம் சுக்கும் மிளகும் திப்பிலியும், மூன்றும் காரம். நல்லாதனார் தம் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தது நம் எல்லாருக்கும் தெரியும். வடமொழிச் சுவைக்கணக்கில் கடு என்றால் கார்ப்புதான். ஆனால் கடுக்காய் கார்ப்பா? உப்பு நீங்கலாக ஐந்து சுவையும் அதில் உண்டு என்று சொல்லும் ஆயுர்வேதமே, மேலோங்கி நிற்பது துவர்ப்பு என்று ஒத்துக்கொள்கிறது. அவர்கள் அந்தக் காயைக் கடு என்று அழைப்பதுமில்லை, அரீதகி என்கிறார்கள். இரவல் கொடுத்தவன் தன் வீட்டில் அந்தப் பாத்திரத்தை வைத்திருக்கவேயில்லை என்றால் என்ன பொருள்? போகட்டும், வடமொழிக் கடுவே திராவிடத்திலிருந்து போனது என்று மொழியியலாளர் பரோ எழுதியிருக்கிறார். அவரோடு சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதி செய்த எமனோ 1930களில் இதே நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இதற்கு மேல் இந்தக் கட்சியோடு பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது கட்சி நஞ்சுக் கட்சி. கடு என்றால் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று பழமொழியே இருக்கிறது என்பார்கள். உண்மைதான், சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு. சுக்கின் தோலைச் சீவு, கடுக்காயின் கொட்டையை எறி என்பதற்கான பாடம் அது. வீசி எறியும் கொட்டையை வைத்து மரத்துக்குப் பெயர் வைப்பவர் உண்டா?

இனி என் கட்சி. இலக்கணம்தான் இதற்குச் சாவி. கடுமை என்ற பண்பு காயோடு சேர்ந்தால் மெல்லெழுத்து வந்து கடுங்காய் ஆகவேண்டும். கடுங்குளிர், கடும்பகல், கடுங்காப்பி போல. கடுக்கும் காய் என்று வினைத்தொகையாக்கினால் வல்லெழுத்து மிகாமல் கடுகாய் ஆகும். ஊறுகாய்க்கு ஒற்று உண்டா? நம் காயில் 'க்' மிகுந்து நிற்கிறது. நெல்லிக்காய், தான்றிக்காய், வாழைக்காய் போலப் பெயரோடு பெயர் சேர்ந்த சேர்க்கை இது. அதாவது கடு என்பதே மரத்தின் பெயர். தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் கடு என்ற சொல்லுக்கே கடுக்காய் என்ற பொருளும் இருக்கும், கடுமரம் என்ற சொல்லும் தனியே இருக்கும். மலையாளி இன்றும் கடுக்க என்கிறான். (கடலோர மலையாளிக்குக் கடுக்க என்றால் பாறையில் ஒட்டும் சிப்பியும்தான்; கோழிக்கோட்டில் கடுக்க கேட்டு வயிற்று மருந்தை எதிர்பார்க்காதீர்கள்.) தெலுங்கில் கரக்காய. தொல்காப்பியர் உரியியலில் கடி என்ற சொல்லுக்குக் கரிப்பு என்ற பொருளும் தருகிறார். கடு, கடி, கரி மூன்றும் நாக்கைப் பிடிக்கும் ஒரே குடும்பம் என்பது என் எண்ணம்.

மரம் ஏன் கடு ஆயிற்று? கடு ஒரு சுவையின் பெயரல்ல, சுவையின் அளவு. கடுகு காரம், கடுங்காப்பி கசப்பு, கடுவாகிய நஞ்சுக்குச் சுவையே பொருட்டில்லை. பால் கலக்காத, இளக்காத, முழுவீச்சு எதுவோ அது கடு. கூடலூர்ப் பக்கம் டீக்கடையில் கேட்கும் கட்டன் சாயாவும் இந்த வீட்டுச் சொல்தான் என்று நினைக்கிறேன். துவர்ப்பின் முழுவீச்சு கடுக்காய். அந்தத் துவர்தான் தோலைப் பதப்படுத்தியது, கலம்காரித் துணியில் சாயத்தைப் பிடித்து நிறுத்தியது, அன்னபேதியோடு சேர்ந்து எழுதும் மையானது, வெல்லத்தோடு சுண்ணாம்புச் சாந்தில் இறங்கிக் கோயில் சுவரை இறுக்கியது. எங்கெல்லாம் ஒன்றைச் சுருக்கி இறுக்க வேண்டுமோ அங்கெல்லாம் கடுக்காய்.

கடுக்கை என்ற சொல்லையும் பாருங்கள். சிவன் சூடும் கொன்றைக்கு அது பெயர். கொன்றைப்பழப் புளி பேதிக்குக் கொடுப்பது. ஆகவே கடு என்றாலே பேதி என்று யாராவது கிளம்பலாம். கிளம்ப வேண்டாம். கொன்றைப் பட்டையும் துவர்தான், தோல் பதனிட உதவியதுதான். இரண்டு மரத்துக்கும் பொது துவர்.

வயிறு கடுப்பதும் இதே வேர்தான், மறுக்கவில்லை. வலி முழுவீச்சில் வந்தால் கடுப்பு. ஆனால் காயும் நோயும் ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை.

கடுக்காய் கொடுத்தல் என்ற வழக்குக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். சாதிக்காய் கேட்டவனுக்கு வணிகன் கடுக்காயைக் கொடுத்து ஏமாற்றினானாம். வழவழப்பான சாதிக்காயையும், வரிவரியாகச் சுருங்கி முனை கூம்பிய கடுக்காயையும் வேறு பிரிக்கத் தெரியாதவன் கடைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. என் கணக்கு எளிது: கடுக்காய்த் தூளை உண்டவன் புதர் தேடி ஓடுவான், அந்த நேரத்தில் கொடுத்தவன் நழுவுவான். இவ்வளவுதான் கதை.

துவர்ப்பு என்பதை ஒப்பாதவர்கள் எனக்கு எழுதுமுன் நாட்டுமருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குக் கடுக்காய் வாங்குங்கள். உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டு, தோலில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துக் கால்மணி நேரம் இருந்துவிட்டு எழுதுங்கள்.