காதற்சொற்கள் நடந்த வழி

இலத்தீன் மொழி பிரெஞ்சு, இத்தாலியம், இசுபானியம், உருமானியம் எனக் கிளைத்தபோது ‘அமோர்’ என்னும் பழஞ்சொல் எல்லாக் கிளைகளிலும் ஒருபடித்தாய் வாழவில்லை. பிரெஞ்சின் ஒலி மரபுப்படி அஃது ‘அமேர்’ என்றாகியிருத்தல் வேண்டும். இன்று வழங்குவதோ ‘அமூர்’. 12ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சின் ஒக்சித மொழியில் காதல் பாடிய துருபதூர் என்னும் பாவலர்களின் வடிவம், வீட்டு வடிவத்தை வென்றது என்பர் மொழிநூலார். ஒரு நாட்டின் காதற்சொல்லைப் பாவலர் மாற்றியமைத்தனர் என்பது கவிஞர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. இசுபானியர், ‘தேடு’ என்று பொருள்பட்ட இலத்தீன் வினையை ‘கெரேர்’ எனத் திரித்து ‘அன்பு செய்’ என்னும் பொருளில் ஆண்டனர். உருமானியரோ ‘யுபிரே’, ‘திராகொஸ்தே’ ஆகியவற்றை அண்டையிலிருந்த சிலாவிய மொழியினரிடம் பெற்றனர்.

தமிழில் நேர்ந்தது வேறு. இங்குச் சொற்கள் அழியவில்லை. அவற்றின் மதிப்பும் எல்லையும் மாறின. ‘காமம்’ சங்கப் புலவர் கூசாது ஆண்ட சொல். காமம் யாதென ஆராய்ந்தே மிளைப்பெருங்கந்தன் பாடிய இரு பாடல்கள் குறுந்தொகையில் உள்ளன. வள்ளுவர் பெயரால் வழங்கும் நூலின் மூன்றாம் பால் அச்சொல்லையே தலைப்பாகத் தாங்கியது. பின்வந்தோர் பலர் அதனை ‘இன்பத்துப்பால்’ என்று மாற்றி எழுதினர். 2016இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பள்ளிகளில் குறளைக் கற்பிக்க ஆணையிட்டபோதும், அறமும் பொருளுமே உள்ளே சென்றன. 1,330 குறட்பாக்களுள் 250 வெளியே நின்றன. சொல் இழிந்ததால் நூலின் ஒரு பகுதியே மாணவர்க்கு எட்டாமற் போயிற்று.

‘காதல்’ இழியவில்லை, குறுகிற்று. பண்டு ‘காதலன்’ என்பது கணவனையும் தோழனையும் மட்டுமன்றி, பெற்ற மகனையும் குறித்தது. இன்று எந்தத் தாயும் மகனை அவ்வாறு சுட்டத் துணியாள்.

அவ்வாறு குறுகாதவை வீட்டு விளிகளே. இத்தாலியர் அன்புக்குரியோரை ‘தெசோரோ’, அதாவது புதையல் என்பர். சேவூர், அவிநாசிப் பக்கத்துத் தாயர் ‘தங்கம்’ என்பர். இசுபானியத் தாய் மகனை அரசன் என்னும் பொருளில் ‘மி ரெய்’ என்கிறாள்; கொங்குத் தாய் ‘ராசா’ என்கிறாள். உருமானியத் தாய் தன் குழந்தையையே ‘மாமா’, அதாவது ‘அம்மா’ என்று விளிக்கும் வியப்பான வழக்கும் உண்டு. கொங்கில் அது வியப்பன்று. பனியன் ஆலைக்குப் புறப்படும் மகள் இங்கு இன்றும் ‘அம்மணி’தான், பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ‘சாமி’. கவியரங்குகளில் நூறுமுறை ஒலிக்கும் ‘காதல்’ நடுவே இச்சொற்கள் ஏனோ அரிதாகவே கேட்கின்றன.