தாழ்ப்பாளைத் தட்டும் சிறு மின்சாரம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பக்கத்தில் ஜோர், வோ என்னும் நீர்மின் நிலையங்கள் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். மலையில் தேக்கிய நீர் சுரங்கவழியே இறங்கி 1960களில் அங்கே மின்சாரமாயிற்று. அந்நாளில் நம் தோட்டங்கள் பலவற்றிலோ மாலையில் சில மணி நேரமே இஞ்சின் விளக்கு எரியும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். சுவிட்சைத் தட்டினால் வரும், மறுபடி தட்டினால் போகும். மின்சாரத்தைப் பற்றி நாம் கற்ற முதல் பாடம் இதுவே.

அந்தப் பாடத்துக்கு அடங்காத ஒரு சுவிட்சு அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் கோர்டன் ஹால் என்பவரின் குழு அதைச் சிலிக்கானில் உருவாக்கியது. தைராட்ரான் என்னும் பழைய வாயுக்குழாயின் பெயரையொட்டி அதற்குத் தைரிஸ்டர் என்று பெயர் வந்தது. கிரேக்க மொழியில் தைரா என்றால் கதவு.

கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வாசலில் கூட்டம் நெருக்குகிறது. காவலர் ஒற்றை விரலால் தாழ்ப்பாளைத் தட்டிவிடுகிறார், கதவு திறந்துகொள்கிறது. பிறகு அவரே நினைத்தாலும் சாத்த முடியுமா? கூட்டம் ஓய்ந்தால்தான் முடியும். தைரிஸ்டரும் அப்படியே. மின்னழுத்தம் சரியான திசையில் நெருக்கும்போது 'வாயில்' என்ற முனைக்கு ஒரு சிறு மின்துடிப்புக் கொடுத்தால் போதும், பெருமின்சாரம் பாயும். துடிப்பை நிறுத்தினாலும் பாய்ச்சல் நிற்காது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபோல் முன்னும் பின்னும் போய்வருவதால், ஒவ்வோர் அலையிலும் மின்னோட்டம் ஓயும்போது கதவு தானே மூடிக்கொள்ளும். அடுத்த அலையில் சற்றுத் தாமதித்துத் தட்டினால் குறைந்த மின்சாரமே செல்லும்.

இன்றைய மின்விசிறி ரெகுலேட்டர்கள் பலவற்றில் இதன் உடன்பிறப்பான டிரையாக் இருக்கிறது. இருபுறமும் திறக்கும் கதவு அது. ஆனால் மூடியிருந்தாலும் சிறிது மின்சாரம் கசியும். ஆகவே விசிறியில் கைவைக்குமுன் ரெகுலேட்டரை நம்பாமல் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கெடாவிலுள்ள குருனுக்கும் தாய்லாந்தின் குளோங் ஙேவுக்கும் இடையே 110 கிலோமீட்டர் நீளத்துக்கு 3,00,000 வோல்ட் மின்தடம் ஒன்று 2001-02 ஆண்டுகளில் இயங்கத் தொடங்கியது. இரு நாட்டு மின்சாரத்தையும் அங்கே மாற்றிக் கொடுப்பவை தைரிஸ்டர்களே. ஒரு தைரிஸ்டர் தாங்குவது சில ஆயிரம் வோல்ட்தான். அதனால் பலவற்றைத் தொடராக அடுக்கியிருக்கிறார்கள். அத்தனை தாழ்ப்பாள்களையும் ஒரே கணத்தில் தட்ட வேண்டும். பிந்தித் திறப்பதன் தலைமேல் மற்றவற்றின் சுமையெல்லாம் வந்து விழும்.