முதல் வருகையின் மரியாதைகள்: யோஷிவாராவை மதிலுக்கு வெளியிலிருந்து பார்த்தல்



நினைவுச் சொற்பொழிவுக்கு இப்படியொரு பொருளா என்று சிலருக்குத் தோன்றலாம். பாலியல் தொழில் நடக்கும் வீட்டுக்கு முதன்முறையாகப் போகிற ஆண் எப்படிப் பேச வேண்டும், எங்கே உட்கார வேண்டும், பணத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் நூல்கள் பல மொழிகளில் இருக்கின்றன. அவற்றை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குவது எளிது. நாகரிகத்தின் உச்சம் என்று வியப்பதும் எளிது. ஒடுக்கப்பட்டோர் தரப்பிலிருந்து வரலாறு படிக்கிறவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. அந்த மரியாதைகள் யாருக்காக வகுக்கப்பட்டன, அவற்றுக்கான செலவு யார் தலையில் விழுந்தது என்று நாம் கேட்க வேண்டும்.

இதற்கு ஜப்பானின் யோஷிவாராவை எடுத்துக்கொள்கிறேன். முதல் வருகைக்கான விதிகள் அவ்வளவு விரிவாக எழுதப்பட்ட இடங்கள் உலகில் மிகக் குறைவு. தவிரவும், அந்தப் பேட்டையின் வரலாறும் ஜப்பானின் தீண்டத்தகாதோர் வரலாறும் ஒரே மதிலின் இரண்டு பக்கங்களில் நடந்தவை.

ஒரே ஒரு வாசல்

இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். ஷோகுன் ஆட்சியின் தலைநகரம் அது. ஷோஜி ஜின்எமோன் என்பவருக்கு 1617இல் அரசு அனுமதி கொடுத்தது. 1618இல் பேட்டை திறக்கப்பட்டது. கூடவே அரசு ஐந்து விதிகளையும் விதித்தது. பேட்டைக்கு வெளியே இந்தத் தொழில் நடக்கக் கூடாது. வாடிக்கையாளர் ஒரு பகல் ஒரு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. பெண்கள் பொன் வெள்ளி இழை வைத்த ஆடை உடுத்தக் கூடாது. வீடுகளை ஆடம்பரமாகக் கட்டக் கூடாது. சந்தேகத்துக்குரிய ஆள் வந்தால் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றுகூட அங்கிருந்த பெண்ணைப் பாதுகாக்க எழுதப்பட்டதல்ல.

1657இல் எடோவைப் பெருந்தீ அழித்தது. அதன்பின் பேட்டை நகரின் வடக்கே அசகுசாவுக்குப் பின்புறம் மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, ஒரே ஒரு பெரிய வாசல், அதில் காவல். ஆண்கள் தாராளமாகப் போய்வந்தார்கள். பெண்ணோ அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது.

அவர்களில் பெரும்பாலோர் ஏழை உழவர்களின், நகர்ப்புற ஏழைகளின் மகள்கள். பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்திருப்பார்கள். தவணை பத்தாண்டு அளவில் இருக்கும். சிறுமியாக வந்தவள் மூத்த பெண்ணுக்குப் பணிவிடை செய்து வளர்ந்து, பிறகு தானும் தொழிலுக்கு இறக்கப்படுவாள்.

புதியவன் கற்க வேண்டியவை

வாடிக்கையாளருக்கான நடைமுறைகளை ஒரு தனிக் கலையாகவே எழுதினார்கள். ஃபுஜிமோட்டோ கிசான் 1678இல் முடித்த பெருநூல் பதினெட்டுத் தொகுதிகள் கொண்டது. ஆடை, கடிதம், பரிசு, பேச்சு என்று எல்லாவற்றுக்கும் அதில் முறை சொல்லியிருந்தார். பிறகு வந்த சிறு கதைநூல்கள் வாடிக்கையாளர்களை வகை பிரித்தன. பேட்டையின் நெளிவுசுளிவு தெரிந்தவன் 'த்சூ'. தெரியாத பட்டிக்காட்டான் 'யாபோ'. தெரிந்தவன் போல நடிக்கும் அரைகுறைதான் அந்தக் கதைகளின் கேலிப்பொருள்.

உயர்தரப் பெண்ணைப் பார்க்கப் போகிறவன் நேராக அவள் வீட்டுக்குப் போக முடியாது. முதலில் தேநீர் விடுதிக்குப் போக வேண்டும். விடுதிக்காரர்தான் அழைத்துச் செல்வார். கணக்கும் அவர் மூலமாகவே தீரும். முன்பின் தெரியாத ஆண் பெண்ணிடம் நேரடியாக விலை கேட்பது அநாகரிகம். பெருவாசலுக்குள் மருத்துவரைத் தவிர யாரும் பல்லக்கில் போக முடியாது. வீட்டு வாசலில் சாமுராய் தன் வாளைக் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

முதல் சந்திப்பில் பெண் மேல்வரிசையில் தள்ளி உட்காருவாள். பேசமாட்டாள், உண்ணமாட்டாள். திருமணச் சடங்கைப் போல மதுக்கிண்ணம் மாற்றுவதோடு அது முடியும். விருந்துச் செலவும் பணியாளர் அனைவருக்குமான அன்பளிப்பும் வந்தவனுடையவை. இரண்டாவது சந்திப்பில் சற்று நெருங்குவாள். மூன்றாவது முறை வந்தால்தான் அவன் 'பழகியவன்'. அதற்கும் தனி அன்பளிப்பு உண்டு; அவன் பெயரில் சாப்பாட்டுக் குச்சிகளும் வைக்கப்படும். அதன்பின் அவன் வேறு பெண்ணிடம் போனால் அது துரோகம். இந்த மூன்று படி முறை எல்லாக் காலத்திலும் இவ்வளவு கண்டிப்பாக நடந்ததில்லை என்றும், பிற்காலத்தார் பெரிதாக்கிச் சொன்னார்கள் என்றும் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மிகையென்றே வைத்துக்கொண்டாலும், பேட்டை தன்னைப் பற்றி எந்தக் கதையை விற்க விரும்பியது என்பதற்கு அது சான்று.

யார் எந்த வீட்டில் இருக்கிறார், என்ன தரம், என்ன விலை என்று காட்டும் வழிகாட்டிப் புத்தகம் ஆண்டுக்கு இருமுறை வெளியானது. பெருவாசலுக்கு வெளியே கடை வைத்திருந்த த்சுதாயா ஜூசபுரோ என்ற பதிப்பாளர் 1780களில் அதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டார். பின்னாளில் உதமாரோவின் ஓவியங்களை வெளியிட்டவரும் அவரே. நாம் அருங்காட்சியகங்களில் பார்த்து ரசிக்கும் பல ஓவியங்கள் இந்த வியாபாரத்தின் விளம்பரத்தோடு ஒட்டிப் பிறந்தவை.

மரியாதையின் செலவு

வாளை வாசலில் விட்டதால் உள்ளே அந்தஸ்து பேதம் அழிந்தது, பணம் மட்டுமே பேசியது என்று யோஷிவாராவைப் புகழ்ந்து எழுதுவார்கள். அந்தப் புகழ்ச்சியை இரண்டு கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கடன் கணக்கு. வந்தவன் கண்ட பட்டாடை, படுக்கை, அலங்காரம் எல்லாம் பெண்ணின் கடனில் ஏறின. திருவிழா நாள்களில் கட்டணம் இரட்டிப்பு. அன்று வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டணத்தை அவளே கொடுக்க வேண்டும். அதுவும் கடனில் சேரும். உபசாரம் எவ்வளவு நயமாக இருந்ததோ அவ்வளவு நீண்டது அவளுடைய கட்டு. அகழி ஓரத்துச் சிறு வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்த நாகரிகம்கூட இல்லை. சிறு பொழுதுக்கு இவ்வளவு காசு என்ற கணக்கு மட்டுமே அங்கே இருந்தது. மூன்று சந்திப்பு முறையை எழுதியவர்கள் அந்தப் பெண்களைத் தங்கள் நூலின் மையத்தில் வைக்கவில்லை.

இரண்டாவது, மதிலுக்கு வெளியே இருந்தவர்களின் கணக்கு. யோஷிவாராவை அடுத்தே 'ஹினின்' மக்களின் குடியிருப்பு இருந்தது. அந்தச் சொல்லுக்கு 'மனிதர் அல்லாதோர்' என்று பொருள். அவர்களின் தலைவரும் அங்கேயே வசித்தார். 'எத்தா' எனப்பட்ட மக்களின் தலைவரான தன்சாஎமோனின் இருப்பிடமும் அதே அசகுசாவில்தான். விருந்தில் ஒலித்த மேளத்தின் தோலைப் பதனிட்ட சாதியினர் அவர்கள். பறையின் வரலாறு தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த இரண்டு உலகங்களையும் சட்டமே இணைத்தது. பேட்டைப் பெண்ணும் அவள் காதலனும் சேர்ந்து சாக முயன்று இருவரும் பிழைத்துவிட்டால் என்ன தண்டனை? 1720களில் வந்த ஆணைப்படி மூன்று நாள் பொதுஇடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, இருவரையும் ஹினின் ஆக்கினார்கள். பிறப்பால் வந்த இழிவைத் தண்டனையாகவும் வழங்க முடியும் என்று அரசு காட்டியது. மினோவாவில் ஜோகன்ஜி என்றொரு கோயில் உண்டு. உறவு இல்லாமல் இறந்த பேட்டைப் பெண்களின் உடல்கள் அங்கே கொண்டுவந்து போடப்பட்டதால் 'எறிகோயில்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அங்கே அடங்கியவர்கள் ஏறத்தாழ 25,000 பேர் என்று சொல்லப்படுகிறது.

பெண்கள் எழுதியது

இலக்கிய மன்றத்தில் பேசுவதால் ஒரு வழக்கை நினைவுபடுத்துகிறேன். 1849இல் உமேமோட்டோயா என்ற வீட்டைச் சேர்ந்த பதினாறு பெண்கள் சேர்ந்து தங்கள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். தப்பி ஓடவில்லை, தாங்களே போய் அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டார்கள். தாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்பேடுகள் அந்த வழக்கில் சான்றாயின. கெட்டுப்போன சோறு, அடி, உதை என்று நடந்தவை அவற்றில் பதிவாகியிருந்தன. தீவைப்புக்கு அன்றைய தண்டனை உயிரோடு எரிப்பது. இந்த வழக்கில் முன்னின்ற பெண்கள் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். வீட்டு உரிமையாளரும் தண்டிக்கப்பட்டார்.

வாடிக்கையாளனின் நளினத்தை எழுதியவர்கள் அச்சில் புகழ் பெற்றார்கள். 1791இல் சாந்தோ கியோதென் என்ற எழுத்தாளருக்கு ஐம்பது நாள் கைவிலங்கு போட்டதும் பதிப்புத் தடையை மீறியதற்காகத்தான். அந்த நூல்கள் அழகாக்கிக் காட்டிய கடன் ஒப்பந்தத்தை அரசு தொடவில்லை. அந்தப் பதினாறு பேரின் எழுத்து வழக்குக் கட்டில் கிடந்தது. எது இலக்கியம், எது வெறும் வாக்குமூலம் என்ற பிரிவினையை நம் தன்வரலாறுகளும் சந்தித்திருக்கின்றன.

இரண்டு விடுதலைகள்

1871இல் புதிய மெய்ஜி அரசு எத்தா, ஹினின் என்ற பெயர்களை ஒழித்தது. அதற்காக விண்ணப்பம் எழுதியவர்களில் ஓஏ தாக்கு ஒருவர். அடுத்த ஆண்டே அவர் கனகாவா நிர்வாகத்தில் பொறுப்பிலிருந்தபோது மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் யோகோஹாமாவில் ஒதுங்கியது. அதில் 200க்கும் மேற்பட்ட சீனக் கூலிகள் அடைபட்டிருந்தார்கள். ஓஏ தலைமையில் நடந்த விசாரணை அவர்களை விடுவித்தது. கப்பல் தரப்பு வழக்கறிஞர் ஒரு வாதம் வைத்தார்: ஜப்பானே தன் பெண்களை இதே மாதிரி ஒப்பந்தத்தில் விற்கிறதே, பிறகு எங்களை எப்படிக் குற்றம் சொல்லலாம்?

அரசுக்குப் பதில் இல்லை. 1872இலேயே பேட்டைப் பெண்களை விடுவிக்கும் ஆணை வந்தது. நீதித்துறை அதற்கு ஒரு விளக்கம் தந்தது: இந்தப் பெண்கள் உரிமை இழந்து மாடு குதிரைக்குச் சமமாக இருக்கிறார்கள், மாட்டிடமும் குதிரையிடமும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது, ஆகவே கடன் தள்ளுபடி. விடுதலை கொடுக்கும்போதும் மனிதர் என்று சொல்ல அரசுக்கு மனம் வரவில்லை.

அந்த விடுதலை நீடிக்கவில்லை. பெண்கள் தாங்களாக விரும்பி அறையை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறார்கள் என்று 1873இல் புதிய விதி எழுதப்பட்டது. கடன் அப்படியே திரும்பி வந்தது. பெண்ணின் உழைப்பைப் பிணையாக வைத்த முன்பணம் செல்லாது என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 1955இல். பேட்டைகள் முற்றாக மூடப்பட்டது 1958இல். புராக்குமின் மக்களும் 1871 ஆணையோடு நிற்க முடியவில்லை. 1922இல் சுய்ஹெய்ஷா என்ற தங்கள் சொந்த அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது.

நமக்கான கேள்விகள்

1936 ஜூன் 16 அன்று பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் காமாட்டிபுரத்துப் பெண்களிடமும் ஜோகினி, முரளி பெண்களிடமும் பேசினார். அந்த வாழ்வை விட்டு வெளியே வரச் சொன்னார். சமூகத்தின் மானம் முழுவதையும் அந்தப் பெண்களின் தோளில் ஏற்றலாமா என்று பெண்ணியத் தரப்பில் பின்னாளில் கேள்வி எழுந்தது. பாலியல் தொழிலைத் தொழிலாக ஏற்பதா, சாதி அடிமைத்தனத்தின் தொடர்ச்சி என்று மறுப்பதா என்ற விவாதம் இன்றும் நம் கூட்டங்களில் நடக்கிறது. அதை இன்று முடித்துவைக்க நான் வரவில்லை. விவாதிக்கும்போது யோஷிவாராவிடமிருந்து மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் பெயரில் கடன் இருக்கிறதா, அதன் கணக்கு யார் கையில் இருக்கிறது? வாசல் அவளுக்கும் திறந்திருக்கிறதா? அவள் மறுத்தால் அந்த இரவு அவளுக்குச் சோறு கிடைக்குமா?

பணிவாகப் பேசு, நேரத்துக்கு வா, அன்பளிப்பு கொடு என்று வாடிக்கையாளனுக்குச் சொல்வதில் தவறில்லை. கடுமையான ஒருவனைவிட மரியாதையான ஒருவன் மேல் என்று எந்தப் பெண்ணும் சொல்வாள். ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சரியாக இல்லாத இடத்தில் வருகிறவனின் பண்பு அவள் நிலையை மாற்றாது. யோஷிவாராவில் 340 ஆண்டுகள் அது மாற்றவில்லை. அந்தப் பதினாறு பேர் எழுதி வைத்ததைப் போல, உள்ளே இருப்பவர்கள் எழுதுவதைத் தேடி வாசிப்பதும், அச்சில் கொண்டுவருவதும், அவர்கள் சொல்வதை வைத்து நம் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்வதும் நம் வேலை.