பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007

முதியோரைக் காக்கும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்தும் இந்தியச் சட்டம். தம் வருமானத்தாலோ சொத்தாலோ வாழ இயலாத பெற்றோரும் 60 வயது நிறைந்த மூத்தோரும், வயதுவந்த பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் பராமரிப்புத் தொகை கோரலாம். பெற்றோருக்கு வயது வரம்பில்லை. பிள்ளையில்லாதவர், தம் சொத்தை அடையவிருக்கும் உறவினரிடம் கோரலாம். தமிழ்நாட்டில் மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கிறது. சட்டத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நோயுற்ற முதியவரின் மருந்துச் செலவுக்கே இது போதாது.

இதன் உயிர்நாடி 23ஆம் பிரிவு. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டையோ நிலத்தையோ தானமாக எழுதி வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். பராமரிப்பு நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது; 2025இல் சட்டத்தை முதியோர்க்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வலியுறுத்தியது. ஆயினும் எழுதிக்கொடுக்கும்போதே நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

பேச்சுத் துணையைச் சட்டம் வாங்கித்தர முடியாது. தனிமையில் தவிக்கும் முதியோர் 14567 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.