உருத்திரபுரத்து இறைப்பு இயந்திரம்

கிளிநொச்சி நகருக்கு வடமேற்கே, பழைமையான சிவன் கோயிலொன்றைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் ஊர் உருத்திரபுரம். கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக் குளத்தின் நீர் வாய்க்கால் வழியே வந்து அதன் வயல்களை நனைக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தோர் காடு வெட்டிக் குடியேறிய மண் அது. அவர்களுக்கு வயற்காணி மட்டுமன்றி, வீடு கட்டித் தோட்டஞ் செய்ய மேட்டுக்காணியும் உண்டு. ஆனால் வாய்க்கால் நீர் பள்ளம் நோக்கியே ஓடும்; மேட்டுக்கு ஏறாது. மேட்டில் மிளகாயும் வாழையும் வேண்டுமாயின் கிணறு வேண்டும். கிணறு இருந்தால் இறைப்பும் வேண்டும்.

குடாநாட்டு முன்னோர் இறைத்தது துலாவினால். ஒருவர் இருவர் துலாவின்மேல் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையை வாங்கி ஊற்றுவர். பொழுது புலருமுன் தொடங்கும் அவ்வேலையின் களைப்பை அனுபவித்தவரே அறிவர். 1950களிலும் 1960களிலும் அத்துலாவை ஒதுக்கிக்கொண்டு தோட்டங்களிற் புகுந்தது சிறிய மண்ணெண்ணெய் இயந்திரம்.

அவ்வியந்திரத்தின் பிறப்பகம் ஜேர்மனி. நான்கு அடிகளில் ஒரு சுற்றை முடிக்கும் இயந்திரத்தை நிக்கொலாஸ் ஒட்டோ 1876இல் இயக்கிக் காட்டினார். பெற்றோலில் விரைந்து சுழலும் சிறிய வடிவத்தை டைம்லரும் மேபாக்கும் 1885இல் ஆக்கினர். 1902இல் பொஷ் நிறுவனத்தின் ஹொனோல்ட் என்பார் உயர் அழுத்த மின்சாரம் தரும் மக்னீற்றோவை அமைத்தார். கயிற்றைச் சுற்றி இழுத்தவுடன் தானே மின்சாரத்தை உண்டாக்கிப் பிளக்கிற்குத் தீப்பொறி அனுப்பும் கருவி அது. பற்றரி இல்லாமலே இயந்திரம் ஓடும் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. வன்னிக்கு அச்சிறப்பு எத்துணை உதவிற்று என்பது பின்னாளில் விளங்கிற்று.

மண்ணெண்ணெயின் குணம் வேறு. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே இயந்திரத்தைச் சிறிதளவு பெற்றோலில் எழுப்பி, உடல் சூடேறிய பின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றாதவர், மறுநாட் காலை கயிறு இழுத்தே கை சோர்வர். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்வதும் உண்டு. எனவே அதனை அடிக்கடி மாற்ற வேண்டும். மலிவுக்கு இயந்திரம் கேட்கும் கூலி இது.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெயும் அளந்தே கிடைத்தது. மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. சில துளி பெற்றோலைச் சிறு போத்தலிற் காத்து, காபரேற்றரின் வாயிற் பீச்சி எழுப்பி, உடனே மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலமும் அதுவே. ஜப்பானிலும் இத்தகையதொரு வறுமைக் காலம் இருந்தது. 1946இல் சொய்சிரோ ஹொண்டா, இராணுவ வானொலிகளுக்கு மின்சாரந் தந்த சிற்றியந்திரங்களை வாங்கிச் சைக்கிளிற் பூட்டினார். எரிபொருள் அருமையாயிருந்தமையால் தேவதாரு எண்ணெயைக் கலந்து ஓட்டினார். அவர் பெயர் தாங்கிய வண்டிகளே பின்பு வன்னித் தெருக்களில் மண்ணெண்ணெயில் ஓடின.

1996இலும் 2008இலும் ஊர் முழுதும் பெயர்ந்தது. ஏற்றிச் செல்லக்கூடியவற்றுள் இறைப்பு இயந்திரம் முதன்மையானது. அது சென்ற இடத்தில் ஒரு கிணறு இருந்தால் ஒரு தோட்டம் உண்டாகும். ஏற்றுமுன் தாங்கியையும் காபரேற்றரையும் வடித்துவிட வேண்டும். இயந்திரம் நிமிர்ந்தே இருக்கக் கட்ட வேண்டும். சாய்த்து வைத்தால் மசகெண்ணெய் உருளையுட் புகுந்து, இறக்கிய இடத்திற் கிளம்பாது. நெடுநாள் வைப்பதாயின், வடியாத பெற்றோல் காலப்போக்கிற் பிசினாய் உறைந்து காபரேற்றரின் நுண்டுளையை அடைக்கும். ஆதலால் பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து, முசலம் அமுக்கத்துக்கு ஏறி இழுவை இறுகும் இடத்தில் நிறுத்துவர். அங்கே வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும், ஈரம் உட்புகாது. மண்ணிற் புதைத்துச் சென்றவரும் உளர். அவ்வாறு புதைந்தவற்றுக்கு எண்ணெய்ப் பூச்சும் பொலித்தீன் உறையுமே காவல்.

2010ஐ ஒட்டி மக்கள் மீண்டபோது, வீடுகளின் கூரைகளைப் போலவே இயந்திரங்களும் பல இடங்களில் இல்லை. எஞ்சியதைப் பழுதறிந்து எழுப்புவோர் மூன்றையே பார்ப்பர்: எண்ணெய் வருகின்றதா, தீப்பொறி பாய்கின்றதா, அமுக்கம் உண்டா? முதல் இரண்டும் கைக்கு எளிது. மூன்றாவது இல்லையெனிற் செலவு. இயந்திரம் நன்றாக ஓடியும் நீர் ஏறாவிட்டால் குறை இயந்திரத்தில் இராது. உறிஞ்சு குழாயிற் காற்றுப் புகுந்திருக்கும், அன்றி அடியிலுள்ள புட்வால்வு கசியும்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வளியமுக்கம் நீரை உயர்த்தும் எல்லை ஏறத்தாழ 10 மீற்றர். நடைமுறையில் ஏழெட்டு மீற்றருக்கு மேல் பம்பு உறிஞ்சாது. கோடையில் நீர் கீழிறங்க, இயந்திரத்தையே கிணற்றுள் இறக்கி ஓட்டுவோர் உளர். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றில் இறங்கியவரும், அவரை மீட்க இறங்கியவரும் ஒருங்கே மாண்ட செய்திகள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வந்துள்ளன. அதிகாலையில் தோட்டத்துக்குச் சென்றவரை இவ்வாறு இழந்த வீடுகளுக்கு, மின்சார மோட்டார் வெறும் வசதிப் பொருளன்று.

மின்சாரம் எட்டாத வயலோரங்களில் பழைய இயந்திரம் நின்று நிலைத்தது. 2022இல் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் வந்து, அட்டை முறையிற் பெற்றோல் பங்கிடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது; பெற்றோல் 450 ரூபா. இரு குழாய்களைத் திருப்பித் திருப்பி ஓட்டிய அந்த இயந்திரத்தின் பழைய இலாபம், அந்த ஓர் இரவில் பெரும்பாலும் கரைந்தது.